கோட்டுகளுக்கு அடியில்

சென்ற வாரம் இந்தத் தொடரை, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். என் மகள் வென்டெலா தொலைபேசியில், "அம்மா, வெள்ளிக்கிழமை காலையில என்கூட தெரபிக்கு வந்து உட்காருவியா?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன். மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எக்பெர்ட்டின் பிறந்தநாள். அவர் என் கணவர், மார்ச்சில் இறந்துபோனார். இது நவம்பர்.

எங்கள் ஊர் வழக்கப்படி கழிப்பறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் அவர் பெயர் அப்படியே இருந்தது. "பக்கத்துல சிலுவை போட்டுடவாம்மா?" என்று மகன் யோரிட் கேட்டான். இறந்தவர்கள் பெயருக்கு அப்படித்தான் போடுவார்கள். போட்டால் கொண்டாட வேண்டாமா, போடாவிட்டால் கொண்டாட வேண்டுமா, எனக்குத் தெரியவில்லை. சிலுவை போடவில்லை. ஆனால் காபி கேக்குக்குச் சொல்லிவைத்துவிட்டேன். எக்பெர்ட்டின் அக்கா ரூல்ஃபீன், "எப்பவும் போல மூணு மணிதானே?" என்று கேட்டதும் ஆமாம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வென்டெலா வீட்டுக்குள் வரவில்லை. அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. காரை வெளியே நிறுத்தி ஹாரன் அடித்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் ரோல்டெயிலிருந்து, தெரபி நடக்கும் அசன் நகரம் அதிக தூரமில்லை. அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்.

"ஸ்கீமா, ஸ்கீமாங்கிறியே, அப்படின்னா என்ன?"

"சின்ன வயசுல, ஒரு வீட்டுல எப்படி இருந்தா சமாளிக்கலாம்னு மனசு ஒரு வழி கண்டுபிடிக்கும்மா. அப்புறம் அந்த வீட்டை விட்டு வந்தாலும், போற வீட்டுக்குள்ள எல்லாம் அதே வழியிலதான் நடக்கும். சுவத்துல போய் முட்டிக்கும்."

"எந்த வீடு?"

"நம்ம வீடுதாம்மா. வேற எந்த வீட்டுல நான் வளர்ந்தேன்?"

"நம்ம வீட்டுல என்ன குறை?"

அவள் கார்க் கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினாள். மழை கூடியிருக்கவில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. மனச்சோர்வுக்கு எத்தனையோ வைத்தியம் பார்த்தாயிற்று. மாத்திரை, மூச்சுப் பயிற்சி, சில வாரத்துப் பேச்சு சிகிச்சைகள். வசந்தத்தில் தேறுவாள். இலை உதிரும்போது திரும்ப விழுவாள். நல்ல பையன்கள் வந்தார்கள். பாஸ்டியான் என்று ஒருவன் அவள் வீட்டில் தன் பல்துலக்கியைக் கொண்டுவந்து வைத்தான். அதே வாரம் அவனைப் போகச் சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அவனே போறதுக்கு முன்னாடி" என்றாள். அவன் போவதாக யாருமே சொல்லவில்லை.

இந்தப் புதிய சிகிச்சையில் சேர்ந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. இவ்வளவு நீளமாக ஒரு வைத்தியமா என்று எக்பெர்ட் முதலில் முணுமுணுத்தார். நோய் முற்றி, கூடத்தில் போட்ட கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்த பிறகு முணுமுணுக்கவில்லை. "போயிட்டு வந்தியாடி?" என்று மட்டும் அவளைக் கேட்பார்.

தெரபிஸ்ட்டின் பெயர் மாரிட். என்னைவிடச் சின்னவள், தடிமனான கம்பளிக் காலுறை போட்டிருந்தாள். அவள் அறையில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. எங்கள் ஊரில் நாற்காலியை வட்டமாகப் போட்டால் பிறந்தநாள் என்று அர்த்தம். நான் சுற்றுமுற்றும் காபியைத் தேடினேன்.

"ஒவ்வொரு நாற்காலிக்கும் ஆள் இருக்கு அலைடா" என்று என்னிடம் சொன்னாள் மாரிட், சிரித்துக்கொண்டே. "வென்டெலா, நீங்களே அறிமுகப்படுத்துங்களேன்."

வென்டெலா தாழ்வான நாற்காலியைக் காட்டினாள். "இது சின்னப் பொண்ணு. பயம், அழுகை எல்லாம் இவகிட்ட." முதுகு நிமிர்ந்த இன்னொன்றைக் காட்டினாள். "இது ஒரு குரல். 'ஆட்டம் காட்டாதே'ன்னு எப்பவும் திட்டும்." சன்னலோரம் இருந்ததைக் காட்டும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. "இது கவுண்டர்காரி. நகராட்சி கவுண்டர்ல இருப்பாளே, அவ மாதிரி. நல்லா சிரிப்பா. டோக்கன் குடுப்பா. யாரையும் உள்ள விடமாட்டா."

"பாஸ்டியானுக்கு டோக்கன் குடுத்தது அவதானா?" என்று கேட்டேன்.

"அவளேதான்."

"அந்த நாலாவது?"

"வளர்ந்த வென்டெலா. அது ரொம்ப நாள் காலியாத்தான் கிடந்தது. இப்பதான் கொஞ்ச நேரம் உட்காரப் பழகுறேன்."

ஒரு பெண்ணுக்கு நான்கு நாற்காலி. நான் பெற்ற பெண் ஒருத்திதானே என்று நினைத்தேன்.

"நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து பேசுவாங்க" என்றாள் மாரிட். "திட்டுற குரலுக்குப் பதில் சொல்லப் பழகுவாங்க. சில நாள் கண்ணை மூடிக்கிட்டு பழைய ஒரு நாளுக்குள்ள போவோம். நடந்தது நடந்ததுதான், அது மாறாது. ஆனா அந்தக் குழந்தைக்கு அன்னிக்கு என்ன கிடைக்கலையோ, அதை இப்ப குடுப்போம். இன்னிக்கு அப்பாவோட ஒரு பிறந்தநாளுக்குப் போறோம். வென்டெலாவுக்கு அப்ப ஏழு வயசு. உங்களுக்கு அந்த நாள் என்ன நினைவிருக்கு?"

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்த கதை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"ஐயோ, கோட்டுக் கதை! அன்னிக்கு வீடு நிறைய ஆளு. கோட்டையெல்லாம் மாடியில எங்க கட்டில் மேல குவிச்சிருந்தோம். இவ எங்கேயோ காணோம். சாயங்காலம் ரூல்ஃபீன் தன் கோட்டை எடுக்கப் போனா, குவியலுக்கு அடியில ரெண்டு பாதம் நீட்டிக்கிட்டிருக்கு! அவ படியில நின்னு கத்தினா பாருங்க, 'என் கோட்டுக்குக் கால் முளைச்சிருக்கு'ன்னு. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஒவ்வொரு வருஷமும் எக்பெர்ட் பிறந்தநாளுக்கு ரூல்ஃபீன் அதைச் சொல்லுவா, நாங்க..."

நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வென்டெலா கண்ணை மூடியிருந்தாள்.

"எங்க இருக்கே?" என்று மாரிட் மெல்லக் கேட்டாள். குழந்தையிடம் பேசும் குரல்.

"மாடியில. அப்பாவுக்குப் பாட்டு பாடினேன். பாதியில மறந்துபோச்சு. அழுகை வந்துடுச்சு. அப்பா முகம் சிவந்துபோச்சு. 'ஆட்டம் காட்டாதே. மேல போ. அழுகை நின்னப்புறம் வா'ன்னாரு."

"இப்ப?"

"அழுகை நின்னுடுச்சு. ஆனா நின்னது அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது கூப்பிடணும்ல. கீழ சிரிக்கிறாங்க. கேக் வெட்டிட்டாங்க. கோட்டெல்லாம் ஈரம். நாய் வாசனை. உள்ள போய்ப் படுத்துக்கிறேன். நான் இல்லேன்னா எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

அந்தப் பாட்டு எனக்கு நினைவே இல்லை. அவர் மேலே அனுப்பியது லேசாக, மிக லேசாக நினைவிருந்தது. அடிக்கவில்லை, கத்தவில்லை. எந்த வீட்டிலும் நடப்பதுதான். முப்பது வருஷம் நாங்கள் சிரித்ததும், இவள் இப்போது சொல்வதும் ஒரே மாலை என்பதை என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

"கதவுகிட்ட யாராவது இருக்காங்களா?" என்று மாரிட் கேட்டாள்.

"அப்பா. கோவமா நிக்கிறாரு. இன்னும் ஆட்டமான்னு பாக்குறாரு."

"போன தடவை உன் துணைக்கு நான் வந்தேன். இன்னிக்கு யார் வரணும் உனக்கு?"

"அப்பா" என்றாள் வென்டெலா.

"அப்பாதான் கதவுல நிக்கிறாரே?"

"அவரில்ல. போன குளிர்காலத்து அப்பா. மூக்குல குழாயோட இருக்கிறவரு. படி ஏறி வர்றாரு."

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "அவரால மாடி ஏற முடியாது!"

மாரிட் என் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. ஆனால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "கட்டிலைக் கீழ போட்டதே அதுக்குத்தானே. கழிப்பறைக்குப் போகவே நான்தான் பிடிச்சுக்கணும். அவரால எப்படி..."

"ஏறி வந்துட்டாரும்மா" என்றாள் வென்டெலா, கண்ணைத் திறக்காமல். "நின்னு நின்னு வந்தாரு. மூச்சு வாங்குது. கட்டில் ஓரத்துல உட்கார்ந்துட்டாரு."

"என்ன சொல்றாரு?"

"கதவுல நிக்கிற அப்பாகிட்ட சொல்றாரு. 'நீ கீழ போய் காபி குடி எக்பெர்ட். அவ அழுதா அழட்டும். நான் இங்க இருக்கேன்.'"

"உன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. கோட்டை ஒண்ணொண்ணா எடுக்குறாரு."

அதற்கு மேல் என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. திட்டுகிற குரல் என்று அவர்கள் உட்காரவைத்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்பெர்ட்டை அங்கே வைத்துவிட்டார்களே என்று ஆத்திரம். கட்டிலோரம் உட்கார்ந்தவரை நினைத்து அழுகை. இரண்டும் ஒரே ஆள் மேல். நான் யாருக்கு விதவை?

முடிந்து எழும்போது மாரிட்டிடம் கேட்டேன். "இவளுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான். அதே வீடு, அதே அப்பா. அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"மழை ஒண்ணுதான் அலைடா. ஒருத்தர் மேல வழிஞ்சு ஓடிடும். இன்னொருத்தர் தோல் வரைக்கும் நனைஞ்சிடுவாங்க. அது குழந்தை பிறக்கும்போதே கொண்டுவர்ற குணத்தையும் பொறுத்தது. உங்களைக் குத்தம் சொல்றதுக்காக இதைச் செய்யல."

"எனக்கும் இது வேணுமா?"

"உங்களுக்கு இப்ப இருக்கிறது துக்கம். அதுக்குப் பக்கத்துல ஆள் இருந்தா போதும். சின்ன சிகிச்சையிலேயே தேறுறவங்களுக்கும் இது தேவையில்ல. ஊரு மாறுது, வேலை மாறுது, ஆள் மாறுறாங்க, ஆனா ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்குதுங்கிறவங்க இருக்காங்க இல்லையா, அவங்களுக்குத்தான் பெரும்பாலும். அவங்க எல்லாருக்கும் உதவும்னும் சொல்லமாட்டேன்."

கார் நிறுத்துமிடத்தில் வென்டெலா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மூணு மணிக்கு நான் வரேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"இரு, முழுசா கேளு. அத்தை அந்தக் கோட்டுக் கதையைச் சொன்னா, நான் எழுந்து போயிடுவேன். அப்புறம் வரமாட்டேன். பண்டிகைக்கும் வரமாட்டேன். மிரட்டல் இல்லம்மா. கோவத்துலயும் சொல்லல. எனக்கு அந்த வீட்டுல உட்கார முடியுமான்னு பாக்கணும். இதைச் சொல்ல எவ்வளவு நாள் பழகினேன் தெரியுமா?"

கவுண்டர்காரி சிரிக்கவில்லை. பேசியது அந்த நாலாவது நாற்காலிக்காரி என்று எனக்கே தெரிந்தது.

ரூல்ஃபீனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதுதான் என் திட்டம். அவள் எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டாள். நான் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டில் இருந்த இடத்தில் ஒரு நாற்காலி. யோரிட் கோட்டுகளை வாங்கி மாடிக்குக் கொண்டுபோனான். எப்போதும் போல எங்கள் கட்டில் மேல்தான்.

ரூல்ஃபீன் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டாள். "உன் கணவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள் அலைடா!"

வட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, உன் கணவருக்கு, உன் அப்பாவுக்கு, உன் தம்பிக்கு என்று வாழ்த்துவது எங்கள் வழக்கம். அவள் வாய்க்கு அது பழகிப்போனது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என் கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது.

"நன்றி" என்றேன். வேறென்ன சொல்வது? "உனக்கும். உன் தம்பிக்கு."

இருவரும் அப்படியே நின்றோம். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் போய், உன் கதையைச் சொல்லாதே என்று எப்படிச் சொல்வது?

சமையலறையில் யோரிட்டிடம் சொல்லிப் பார்த்தேன்.

"கோட்டுக் கதையா? அது தமாஷ்தானேம்மா. அப்பாவே கண்ணுல தண்ணி வர சிரிப்பாரே."

"வென்டெலா சிரிச்சாளா?"

அவன் பாலாடைக்கட்டித் துண்டுகளில் குச்சி குத்திக்கொண்டிருந்தான். குத்துவதை நிறுத்தினான். "தெரியல. நான் பாத்ததே இல்ல" என்றான். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் அத்தையைப் பேச்சுல மடக்குறேன், கவலைப்படாதே" என்றான்.

எக்பெர்ட்டின் தம்பி ஹார்ம் வந்தான். பக்கத்து வீட்டுத் தம்பதி வந்தார்கள். மூன்று மணிக்கு வென்டெலா வந்தாள். ஈரக் கோட்டை யோரிட்டிடம் கொடுக்கவில்லை. மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காபி சுற்றியது. கேக் சுற்றியது. யோரிட் கால்பந்து பற்றிப் பேசினான், சாலைப் பணி பற்றிப் பேசினான், மூச்சு விடாமல் பேசினான். ஹார்ம் மழையைத் திட்டினான். எல்லோரும் எக்பெர்ட்டைத் தவிர மற்றதெல்லாம் பேசினார்கள். ரூல்ஃபீன் தனக்கென்று நான் ஊற்றிக்கொடுத்த முட்டை சேர்த்த கெட்டி மதுவைச் சின்னக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். மேலிருந்த க்ரீம் கரைந்தே போயிற்று.

"என்ன இது" என்றாள் திடீரென்று. "அவன் பிறந்தநாள். அவனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. யோரிட், வாயை மூடு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா, அந்த வருஷம் நான் கோட்டை எடுக்க மேல..."

வென்டெலா மடியிலிருந்த கோட்டை இறுகப் பிடித்தாள்.

"ரூல்ஃபீன்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "அந்தக் கதை வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்."

"இது எக்பெர்ட்டோட கதை அலைடா. இன்னிக்கு அவனோட நாள்."

"அது வென்டெலாவோட கதை. அவகிட்ட நாம யாரும் கேட்டதே இல்ல."

கரண்டி தட்டில் விழுந்தது. ரூல்ஃபீன் என்னைப் பார்த்தாள், வென்டெலாவைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது, அப்படியே எக்பெர்ட் சிவப்பது போல.

"அப்ப நான் வாயே திறக்கல. என் கோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போனாள். படிகள் ஒவ்வொன்றும் முனகின.

வென்டெலா எழவில்லை. கோட்டு மடிமேல் அப்படியே இருந்தது. ஆனால் இருந்தாள். அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ காது மேலேயே இருந்தது. மேலே எந்தச் சத்தமும் இல்லை. கோட்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"விடு" என்றான் ஹார்ம், இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு. "கோவம் தணிஞ்சா தானா இறங்கி வருவா."

பக்கத்து வீட்டுக்காரர் எதற்கோ சிரித்தார். யோரிட் காபிக் குடுவையைத் தூக்கினான். வட்டம் திரும்பவும் பேச ஆரம்பித்தது.

மாடியில் ஒருத்தி, கோட்டுகளுக்கு நடுவில். கீழே நாங்கள், கேக்கோடு. அன்றைக்கும் ஹார்ம் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பானோ? நினைவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வென்டெலா என்னைப் பார்த்தாள். நான் படியேறினேன்.

ரூல்ஃபீன் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கோட்டுக்குள் போயிருந்தது, மறு கை வெளியே. மூக்கு ஒழுகியது.

"அன்னிக்கு நான் கோட்டை எடுக்கவே வரல அலைடா."

"என்ன?"

"எக்பெர்ட் என்னை சமையலறையில பிடிச்சு நிறுத்தினான். 'அக்கா, சின்னவ மேல இருக்கா. நீ போய்ப் பாரு. நான் போனா இன்னும் பயப்படுவா. கோட்டை எடுக்கப் போற மாதிரி போ'ன்னான். அண்ணன் தம்பிங்க முன்னாடி அவனுக்கு வெட்கம். யார்கிட்டயும் சொல்லாதேன்னான். நான் வந்து காலைப் பார்த்தேன். என்ன செய்யறதுன்னு தெரியாம கத்திட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் அந்தக் கதை அப்படியே நின்னுபோச்சு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"வருஷா வருஷம் சொன்னேனே! நான் சொல்றப்ப எல்லாம் அவன் என்னையே பாப்பான். உங்களுக்குத்தான் தெரியாது. அதுல அவன் இருக்கான் அலைடா. இப்ப அதையும் சொல்லக்கூடாதுன்னா நான் எதைச் சொல்லுவேன்?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோட்டுகள் ஈரமாக இருந்தன. யாருடையதிலோ நாய் வாசனை அடித்தது.

மேலே அனுப்பிய குழந்தையை எக்பெர்ட் மறந்துவிட்டார் என்றால் மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அவர் மறக்கவில்லை. மேலே குழந்தை இருப்பது தெரிந்தே கீழே நின்றிருக்கிறார். தெரிந்ததால்தான் ஆள் அனுப்பியிருக்கிறார். இது மறந்திருப்பதைவிட நல்லதா, மோசமா? காலையில்தான் என் மகள் நடக்க முடியாத ஒரு மனிதரை மாடிப்படி ஏற்றி இந்தக் கட்டிலில் உட்காரவைத்தாள். அது போதும் என்று அவளுக்கு இருந்தது. இப்போது இந்தச் சமையலறை எக்பெர்ட்டை நான் எந்த நாற்காலியில் உட்காரவைப்பது?

படிகள் முனகின. யாரோ ஏறினார்கள். நடுவில் ஒரு முறை நின்று, மறுபடி ஏறினார்கள்.

ரூல்ஃபீன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, அந்தப் பிடியிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

கதவருகில் வென்டெலா. கையில் கோட்டு இல்லை. கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அத்தை" என்றாள். "நான் உள்ள வரலாமா?"

நான் கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி, அவள் உட்கார இடம் செய்தேன்.